ஓர் அரைப்புள்ளியின் வரலாறு

உயர்தர வகுப்பில் பைதன் படிக்கும் பிள்ளை ஒருவர் நேற்றுக் கேட்டார்: "சேர், ஓஎஸ்.சிஸ்டம் ஒரே வரியில வேலைய முடிக்குதே, பிறகு ஏன் சப்புரொசஸ்?"

நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் வளர்ந்தது. சின்னச் சின்னக் கருவிகள். அவற்றை இணைத்து வேலை வாங்குவது ஷெல். 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில், ஒரு கட்டளையைச் சாய்ந்த மேற்கோள் குறிக்குள் இட்டால் அதன் வெளியீடு கைக்கு வந்துவிடும். 1987இல் லாரி வோல் வெளியிட்ட பேர்ள் மொழியிலும் இந்தக் குறி இடம்பிடித்தது.

அப்போது கட்டளை எழுதியவரும் அதை இயக்கியவரும் பெரும்பாலும் ஒருவரே. 1993இல் சீஜிஐ வந்ததும் நிலைமை மாறியது. எங்கோ இருக்கும் ஒருவர் இணையப் படிவத்தில் தட்டிய பெயர், நிரல் வழியே ஷெல்லுக்குப் போனது. எது பெயர், எது கட்டளை என்று ஷெல்லுக்குத் தெரியாது. பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி இருந்தால், அடுத்து வருவது புதிய கட்டளை.

"அந்தக் குறிகளைத் தடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். என்சிஎஸ்ஏ சேவையக மென்பொருளோடு வந்த பிஎச்எஃப் என்ற விபரக்கொத்து நிரல் அதைத்தான் செய்தது. அது சீ மொழியில் எழுதியது. தவறு மட்டும் இதே தவறு. அரைப்புள்ளியைத் தடுத்தவர்கள், புதிய வரிக் குறியை மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டையால் கடவுச்சொல் கோப்பையே வெளியே எடுக்க முடிந்தது. 1996இல் சேர்ட் அமைப்பு எச்சரிக்கை விட்டது.

தடுக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டால் ஒன்றாவது விடுபடும். ஆகவே வழியையே மாற்றினார்கள். 2004இல் பைதன் 2.4 உடன் சப்புரொசஸ் வந்தது. கட்டளை வேறு, அதற்குக் கொடுக்கும் சொற்கள் வேறு என்று பட்டியலாகக் கொடுக்கிறோம்; நாம் கேட்டாலன்றி ஷெல் இடையில் வராது. அங்கே அரைப்புள்ளி வெறும் எழுத்துத்தான். ஆனால் ஷெல்=ட்ரூ என்று எழுதினால் பழைய கதவு மீண்டும் திறந்துகொள்ளும்.

பிள்ளைகளே, வகுப்பில் பெயரைத் தட்டுவது நீங்கள்தான். நாளை உங்கள் நிரலில் தட்டப்போவது யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்த இரண்டு வரி கூடுதல்.