நெடுந்தீவுக் குதிரையும் கியூபெக் குதிரையும்

பழைய மொன்றியலில் நொத்ரடாம் தேவாலயத்துக்கு முன்னால் குதிரை வண்டிகள் வரிசையாக நின்ற காலம் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்காத வீடு குறைவு. 2019 டிசம்பர் 31 உடன் அந்த வண்டிகளை மாநகரசபை நிறுத்திவிட்டது. கோடை வெயிலில் தார் றோட்டில் நிற்கிற குதிரைகளின் நிலை பற்றி எழுந்த முறைப்பாடுகளே முக்கிய காரணம். வண்டியைப் பார்த்த நாங்கள் லாயத்தைப் பார்த்ததில்லை. கிறிபின்ரவுணில், ஒட்டாவா வீதியில், 1862 இல் கட்டப்பட்ட 'ஹோர்ஸ் பலஸ்' என்ற லாயம் ஏறத்தாழ நூற்றைம்பது வருடமாகக் குதிரைகளுக்கு இடம் கொடுத்தது. பேர்தான் அரண்மனை. உள்ளே வைக்கோலும் மரத் தடுப்பும்தான். ஆனால் மொன்றியல் குளிருக்கு ஒரு குதிரைக்கு வேண்டியது அதுதான்: ஈரமில்லாத தரை, காற்றை மறிக்கிற சுவர், உறையாத தண்ணீர்.

இந்த மண்ணுக்குக் குதிரை வந்த கதை சுவையானது. 1647 இல் ஆளுநருக்கென்று ஒரேயொரு குதிரை கப்பலில் வந்தது. பிறகு 1665 இல் பிரெஞ்சு மன்னன் பதினாலாம் லூயி அனுப்பிய குதிரைகள் கியூபெக்கில் இறங்கின. மன்னன் அவற்றைச் சும்மா கொடுக்கவில்லை. வாங்கியவர் குதிரையை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும், அது ஈனுகிற குட்டி ஒன்றை அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, பாருங்கோ! குட்டி வேண்டுமென்றால் தாயைப் பட்டினி போடமுடியாது. அந்த வம்சம்தான் குறைந்த தீனியிலும் கடும் குளிரிலும் நின்றுபிடித்து, 'சின்ன இரும்புக் குதிரை' என்று பேரெடுத்தது. உழவு யந்திரம் வந்தபின் அதுவும் அழியப் பார்த்தது. 1970களின் பிற்பகுதியில் மிஞ்சியவை சில நூறுதான். வளர்ப்பவர்கள் விடாப்பிடியாக நின்றார்கள். 2002 இல் கனடாப் பாராளுமன்றம் அதை நாட்டின் தேசியக் குதிரையாகச் சட்டம் இயற்றி அறிவித்தது.

எங்கட தமிழ் மன்னர்களின் கதை வேறு மாதிரி. பட்டினப்பாலைக் காலம் தொட்டே குதிரை எங்களுக்குக் கடல் கடந்து வந்த பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே ஆண்ட அரசர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குவதாகவும், வருட முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் எழுதினார். இறைச்சியும் சோறும் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். நல்ல தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குட்டிகூடக் கால் கோணி, சவாரிக்கு உதவாததாக இருந்ததாம். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் இதே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்: நாற்பது நாள் முளையில் கட்டிவைத்துக் கொழுக்கத் தீனி போட்டு, பழக்காமலே பேய் மாதிரி ஏறி ஓட்டுகிறார்கள் எண்டு.

அந்நியர் எழுதியதை அப்படியே விழுங்கத் தேவையில்லை. ஆனாலும் மார்க்கோ போலோ சொல்லும் இன்னொரு செய்தி யோசிக்க வைக்கிறது. குதிரை விற்ற வியாபாரிகள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் எவரையும் அங்கே போகவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! மாணிக்கவாசகர் கதையில் நரி பரியாகி, இராத்திரி லாயத்திலிருந்த மற்றக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடியதை நாங்கள் திருவிளையாடலாகக் கேட்டு வளர்ந்தோம். பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரை ஒன்றுமில்லாமல் போவது அந்தக் காலத்தில் புதினமில்லைப் போலும்.

இனி நெடுந்தீவுக்கு வருவோம். போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே பெருக்கினார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி அந்த வேலையைத் தொடர்ந்தார். தீவைத் தெரிந்தெடுத்ததில் புத்தி இருக்கிறது. கடலே வேலி, மாரியில் நல்ல புல். சாராப்பிட்டியில் முருகைக்கல்லால் எழுப்பிய லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன, கூரை இல்லாமல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ப்பைக் கைவிட்டபோது குதிரைகளைத் தீவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றின் வம்சம் கட்டாக்காலியாகத் திரிகிறது, உருவம் சிறியது, காய்ந்த புல்லிலும் சீவிக்கப் பழகியது. 1990களில் தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தபோதும் குதிரைகள் அங்கேயே நின்றன.

பெண் குதிரை பதினொரு மாதம் சுமந்து, பெரும்பாலும் இரவில்தான் குட்டி ஈனும். குட்டி ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் எழும்பி நின்று, சில மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் குடித்தாக வேண்டும். அந்தப் பாலில் இருக்கிற எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல். பாலுக்குத் தண்ணீர் வேண்டும். சாதாரண குதிரைக்கே நாளுக்கு முப்பது லீற்றர் அளவில் தேவை, பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிடக் கூட. நெடுந்தீவோ மனிசருக்கே நல்லதண்ணிக்குத் தட்டுப்பாடான இடம். கோடையில் கேணியும் துரவும் வற்றினால் தாயின் பால் குறையும், முதலில் விழுவது குட்டி. கடும் வரட்சி வந்த வருடங்களில் குதிரைகள் செத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பும் முயற்சிகளும் அவ்வப்போது நடந்தன. பிரகடனம் நல்லதுதான், ஆனால் பிரகடனத்தைக் குதிரை குடிக்காது.

கட்டாக்காலிக் குதிரைக்கு இனி லாயம் கட்டத் தேவையில்லை. மர நிழல் போதும். வேண்டியது தூர்வாரிய கேணியும், வாய் எட்டுகிற உயரத்தில் ஒரு தொட்டியும், மிருக வைத்தியர் வந்து போக ஒரு ஒழுங்கும். புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் காசு சேர்க்கும்போது, ஒரு கேணிச் செலவையும் அந்தக் கணக்கில் போடலாம். ஐப்பசி மழை விழமுன், ஆடி ஆவணியில், கேணி வற்றிக் கிடக்கிறபோதே செய்கிற வேலை அது. சித்திரையில் பேசத் தொடங்கினால்தான் நேரம் காணும்.