எடை குறைவாகப் பிறந்த குழந்தையின் தலையில் ஒயர் எதற்கு? தூக்கத்தை டாக்டர்கள் கண்காணிப்பது ஏன்?

என்ஐசியு-வில் இன்குபேட்டருக்குள் படுத்திருக்கும் குழந்தையின் தலையில் ஒயர்களைப் பார்த்தாலே பெற்றோருக்குப் பகீர் என்றுதான் இருக்கும். "குழந்தைக்கு கரண்ட் வைக்கிறாங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. பயப்பட வேண்டாம். அந்த ஒயர்கள் சிகிச்சைக்காக மின்சாரம் செலுத்துவதில்லை. குழந்தையின் மூளையில் இயல்பாக உருவாகும் மின் அலைகளைப் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான்.

எந்தக் குழந்தைகளுக்கு?

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழ் இருந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறது உலக சுகாதார அமைப்பு. 1.5 கிலோவுக்குக் கீழ் என்றால் மிகவும் எடை குறைவு. இவர்கள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. மிகவும் சீக்கிரம் பிறந்தவர்கள், பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்கள், வலிப்பு வரலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் ஆகியோரையே டாக்டர்கள் முக்கியமாகக் கவனிப்பார்கள்.

ஏஇஇஜி என்றால் என்ன?

வழக்கமான இஇஜி-யின் சுருக்கமான வடிவம்தான் ஏஇஇஜி. சில ஒயர்களே போதும். பல மணி நேரப் பதிவு ஒரே திரையில் பட்டையாகத் தெரியும். 1960-களின் இறுதியில் லண்டனில் பெரியவர்களுக்காக உருவான இந்தக் கருவி, பின்னர் பச்சிளம் குழந்தைகளுக்கும் வந்தது.

தூக்கத்தில் என்ன தெரியும்?

பச்சிளம் குழந்தைக்கு இரண்டு வகைத் தூக்கம் உண்டு. ஒன்றில் இமைக்குள் கண் உருளும், முகம் சுளிக்கும், திடீரென சிரிக்கும். சாமி சிரிப்பு காட்டுவதாக வீட்டில் சொல்வோமே, அந்த நேரம்தான். இன்னொன்றில் உடல் அசையாது, மூச்சு சீராக வரும். இந்த இரண்டும் மாறி மாறி வரும்போது திரையில் பட்டை அகலமாகி, பிறகு குறுகும். ஏறக்குறைய 30 வாரத்துக்குப் பிறகு இந்த மாற்றம் தெரியத் தொடங்கி, நிறைமாதத்தில் தெளிவாகும். அதனால் 1.8 கிலோ உள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று 32 வாரம், மற்றொன்று 38 வாரம் என்றால் பதிவும் வேறுபடும். எடையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியாத வலிப்பு

பச்சிளம் குழந்தைக்கு வலிப்பு வந்தால் கை, கால் வெட்டி இழுக்கும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் மூளையில் மட்டும் வலிப்பு நடக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இந்தப் பதிவு உதவுகிறது. ஆனால் சிறிய வலிப்புகள் இதில் தவறவும் வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் முழு இஇஜி, தலை ஸ்கேன் எடுப்பார்கள். தூக்க மருந்து, வலிப்பு மருந்து கொடுத்திருந்தாலும் அலைகள் மந்தமாகத் தெரியும். எனவே ஒரு நாள் பதிவைப் பார்த்து "குழந்தை பின்னாடி எப்படி இருக்குமோ" என்று கலங்க வேண்டாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

குறைமாதக் குழந்தையின் மூளை தூக்கத்தில்தான் வேகமாக வளர்கிறது. பார்க்க வந்தவர்களுக்காகத் தட்டி எழுப்பாதீர்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறையுங்கள். டாக்டர் அனுமதித்தால் கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அம்மா மட்டுமல்ல, அப்பாவும் செய்யலாம். 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய இந்த முறையில் குழந்தை அமைதியாகத் தூங்குவது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை திடீரென நீலம் பாரித்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். "நல்லா தூங்குது" என்று விட்டுவிடக் கூடாது.