ஒரு வாக்கும் ஒரு சட்டப்பிரிவும்

1966 ஜூலையில், தொழிற்கட்சி உறுப்பினர் லியோ ஆப்ஸ் ஒரு மசோதாவுடன் பிரிட்டிஷ் மக்களவையில் எழுந்தார். வயதுவந்த ஆண்கள் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்பதே அதன் சாரம். அதை ஆதரித்த கன்சர்வேடிவ் கட்சியினர் சிலரே. அவர்களுள் ஒருவர் நாற்பது வயது வழக்கறிஞரான மார்கரெட் தாட்சர். 1967இல் அது சட்டமாயிற்று.

இந்த வாக்கைச் சுட்டித்தான் அவரை ஆதரிப்போர் இன்றும் வாதிடுகின்றனர். வாக்கு உண்மையே, அதனால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை என்பதும் உண்மையே. ஆயின் அடுத்த காட்சி 1987 அக்டோபரில், பிளாக்பூலில் நடந்த கட்சி மாநாட்டில் அரங்கேறுகிறது. மரபார்ந்த ஒழுக்கத்தைக் கற்க வேண்டிய பிள்ளைகளுக்கு, தன்பாலீர்ப்பு பறிக்கவொண்ணாத உரிமை என்று கற்பிக்கிறார்கள் எனப் பிரதமர் தாட்சர் அங்கே குறைப்பட்டுக்கொண்டார். எய்ட்ஸ் அச்சம் நாட்டைப் பிடித்திருந்த நேரம் அது. தன்பாலுறவு எப்போதுமே தவறு என்று கருதியோர் அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் 64 விழுக்காடு. கைதட்டல் நிச்சயமென்று தெரிந்த மேடை!

1988 மே மாதம் உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது. 'பாவனைக் குடும்ப உறவாக' அதை ஏற்கலாமென்று பள்ளிகளில் கற்பிக்கத் துணைநிற்கவும் கூடாது. இப்பிரிவை முதலில் வரைந்தவர் தாட்சர் அல்லர். பிரபுக்கள் சபையில் 1986இல் வேறொருவர் கொண்டுவந்தது அது. அதைத் தம்முடையதாக்கிக் கொண்டது அவருடைய அரசு.

இங்கே சற்று நிற்க வேண்டும். அப்பிரிவின்கீழ் எந்த மன்றமும் தண்டிக்கப்படவில்லை. தனிப்பட்ட ஆசிரியரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவும் இல்லை. இதை வைத்து, 'வெறும் அடையாளச் சட்டம்தானே' என்பார் உண்டு. வகுப்பறையில் நின்று பழகிய நமக்கு அந்த வாதம் செல்லாது. எந்தச் சொல் தடைசெய்யப்பட்டது என்பது தெளிவாக இல்லாதபோது, ஆசிரியர் எல்லாச் சொற்களையும் விழுங்குவார். சக மாணவர்களிடம் அடிபட்ட பிள்ளைக்கு ஆறுதல் சொல்லவும் தயங்கியோர் பலர். வழக்கே தேவைப்படாமல் வேலை செய்த சட்டம் அது.

வேறு சாதனைகளும் அவர் கணக்கில் எழுதப்படுகின்றன. ஸ்காட்லாந்தில் 1980இல் நிறைவேறிய தளர்வு, ஒரு தொழிற்கட்சி உறுப்பினரின் திருத்தத்தால் வந்தது. வட அயர்லாந்தில் 1982இல் வந்ததோ, ஸ்டிராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் முந்தைய ஆண்டில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பின்னர். ஆட்சி அவருடையது; உந்திய கை பிறருடையது.

அப்படியானால் 1966இன் தாட்சர் பொய்யா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. தனியறையில் போலீஸ் நுழைவதை அவர் மெய்யாகவே வெறுத்திருக்கலாம். அறைக்கு வெளியே, பள்ளியில், நூலகத்தில், குடும்பம் என்ற சொல்லுக்குள் அம்மனிதர்கள் வந்து நிற்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. ஒளிந்து வாழ இடம் தருவதே அந்தத் தாராளத்தின் எல்லை. எனவே இரு செயல்களுக்குமிடையே முரண் குறைவு என்பதே நம் கணிப்பு. மேடைக் கணக்கும் இதில் சேர்ந்தது. எவ்வளவு என்று அளக்க நம்மிடம் தராசில்லை. மௌனத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு தேவையுமில்லை.

ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அப்பிரிவு நீக்கப்பட்டது. 2009இல் கட்சித் தலைவர் டேவிட் கேமரன் அதற்காக மன்னிப்புக் கோரினார். 2013 ஜூலையில் அவருடைய ஆட்சியிலேயே தன்பால் திருமணச் சட்டம் நிறைவேறியது. தாட்சர் அதற்கு மூன்று மாதம் முன்பு மறைந்திருந்தார்.