வேலை போன காரணம் எது?

இறக்குமதி வரிச்சுவர்களைத் தளர்த்துவதன் ஆதாயம் நாடெங்கும் பரவுகிறது; இழப்போ சில ஊர்களின் மீது மொத்தமாக விழுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய முயன்றவை அமெரிக்காவின் 1962ஆம் ஆண்டு வணிகச் சீரமைப்பு உதவித் திட்டமும், ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தொடங்கிய உலகமயச் சீரமைப்பு நிதியும். இரண்டுமே அரசியல் தேவையில் பிறந்தவை. வரிக்குறைப்புப் பேச்சுக்கு நாடாளுமன்றத்திடம் அதிகாரம் பெற வேண்டியிருந்தது அதிபர் கென்னடிக்கு. 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் ஒன்றியத்தின் அரசமைப்பு வரைவை நிராகரித்தபின், மக்களின் அச்சத்துக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது ஒன்றியத் தலைமைக்கு.

உதவி கேட்கும் கதவுகள் வேறு. அமெரிக்காவில் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்தால் மனுக் கொடுக்க முடிந்தது. ஐரோப்பாவில் உறுப்பு நாட்டின் அரசே கேட்க வேண்டும். அதுவும், தொடக்கத்தில், ஆயிரம் பேராவது வேலை இழந்திருந்தால்.

அமெரிக்கத் திட்டம் பயிற்சிக் காலத்தில் தொழிலாளியின் கையில் பணம் கொடுத்தது. 2002க்குப் பிறகு, ஐம்பது வயதைக் கடந்து குறைந்த சம்பள வேலைக்குப் போனவருக்குச் சம்பள வித்தியாசத்தில் பாதியை, இரண்டாண்டில் 10,000 டாலர் வரை, தரவும் வழி செய்தது. ஐரோப்பிய நிதியோ பயிற்சிக்கும் வேலை தேடலுக்கும் சுயதொழிலுக்கும் உதவியது. வேலையில்லாக் கால உதவித்தொகையை அந்தந்த நாட்டின் பொறுப்பிலேயே விட்டது. பொதுவான பாதுகாப்பு மெலிந்திருந்த அமெரிக்காவில் தனித் திட்டம் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருந்தது.

எதிர்பாராத ஒற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. 'உன் வேலையைப் பறித்தது வணிகம்தானா?' என்று இரண்டும் கேட்டன. இரண்டும் அங்கேயே தடுமாறின. இறக்குமதி கூடியதற்கு வரிச்சலுகையே முதன்மைக் காரணம், வேலை போனதற்கு அந்த இறக்குமதியே முதன்மைக் காரணம் என இரட்டை நிரூபணம் கேட்டது 1962ஆம் ஆண்டுச் சட்டம். விளைவு, 1969 வரை ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை. 1974இல் விதி தளர்ந்தது. ஆனாலும் இந்தியாவுக்குப் போன கால் சென்டர் வேலை 2009 வரை கணக்கில் வரவில்லை. சேவைத் துறைக்கு அதுவரை திட்டத்தில் இடமே இருக்கவில்லை.

ஐரோப்பாவின் தடுமாற்றம் இன்னும் வியப்பானது. 2009இல் டெல் நிறுவனம் அயர்லாந்தின் லிமெரிக்கிலிருந்து கணினி உற்பத்தியைப் போலந்தின் லோட்ஸ் நகருக்கு மாற்றியது. இரண்டு ஊரும் ஒன்றியத்துக்குள்ளேயே! லிமெரிக் தொழிலாளர்களுக்காக ஐரோப்பிய நிதியிலிருந்து 1.48 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில், லோட்ஸ் ஆலைக்குப் போலந்து அரசு 5.45 கோடி யூரோ உதவி தர ஐரோப்பிய ஆணையம் அனுமதித்தது.

'வணிகம்தானா?' என்ற கேள்வியே தவறு என்பது என் எண்ணம். இறக்குமதியால் வேலை போனாலும் இயந்திரத்தால் போனாலும் அந்தக் குடும்பத்தின் வீட்டு வாடகை குறைவதில்லை. 2021இல் ஐரோப்பா இதை ஏற்றுக்கொண்டது: எந்தப் பெரிய மறுசீரமைப்பானாலும் சரி, 200 பேர் வேலை இழந்திருந்தால் போதும். அமெரிக்கத் திட்டமோ நீட்டிப்புக் கிடைக்காமல் 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. முன்பே தகுதிச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது.