தங்கராஜ், பீட்டர்

பீட்டர் தங்கராஜ் (1935–2008) இந்தியக் கால்பந்து அணியின் கோல் காப்பாளர். ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-இல் மதராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தபோது முன்கள வீரராகத்தான் ஆடினார். பிறகே வலைக்கு முன் வந்து நின்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் எட்டிப் பிடிக்கும் நீண்ட கைகளும் கொண்டவரை அந்த இடத்துக்கு மாற்றியது நல்ல கணிப்பு என்றே சொல்ல வேண்டும். அவர் ஆடிய படை அணி 1955, 1958 ஆண்டுகளில் டுராண்ட் கோப்பையை வென்றது.

1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். ரோமில் பிரான்சுடன் இந்தியா 1–1 எனச் சமன் செய்தது. வாழ்வின் உச்சம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. செப்டம்பர் 4 அன்று, இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே நடந்த இறுதி ஆட்டத்தில் தென்கொரியா 1–2 எனத் தோற்றது; இந்திய வலையைக் காத்தவர் தங்கராஜ்.

கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். பிற்காலத்தில் பொகாரோவில் பயிற்சியாளராக இருந்தார், அங்கேயே காலமானார்.