மிர்: கிரகணத்தைக் குனிந்து பார்த்த வீடு

சூரிய கிரகணம் என்றால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். ஆனால் 1999 ஆகஸ்ட் 11 அன்று மூன்று பேர் மட்டும் குனிந்து பார்த்தார்கள்! ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் இருந்த விக்டர் அஃபனாசியெவ், செர்கெய் அவ்தேயெவ், பிரான்சு நாட்டின் ழான் பியர் ஐனெரே ஆகியோர்தான் அவர்கள்.

அன்று நிலவின் நிழல் அட்லாண்டிக்கில் தொடங்கி, ஐரோப்பா, துருக்கி, ஈரான், இந்தியா வழியாக ஓடி வங்காள விரிகுடாவில் முடிந்தது. தரையில் எந்த ஊரிலும் முழு இருட்டு இரண்டரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் காத்திருந்த பலருக்கு மேகம்தான் தெரிந்தது. மிர்ரில் இருந்தவர்களுக்கோ அந்த மேகங்கள்தான் திரை! அதன்மேல் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்புத் திட்டு நகர்வதை அவர்கள் படம் பிடித்தார்கள். 'இருட்டிவிட்டது' என்று கீழே சொன்னார்களே, அந்த இருட்டு எவ்வளவு சின்னது என்று அந்தப் படம் காட்டியது.

சரியாக 17 நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, மூவரும் மிர்ரைக் காலி செய்துவிட்டு பூமிக்குத் திரும்பினார்கள். 1989 செப்டம்பர் முதல் ஒரு நாள்கூட ஆள் இல்லாமல் இருந்திராத வீடு அது!

மிர்ரின் முதல் பகுதி 1986 பிப்ரவரி 20 அன்று ஏவப்பட்டது. ஏவிய சோவியத் நாடே 1991-ல் மறைந்துவிட்டது, மிர் மறையவில்லை. அப்போது மேலே இருந்த செர்கெய் கிரிகல்யோவ், சோவியத் குடிமகனாகப் போய் ரஷ்யராக இறங்கினார். 1997 பிப்ரவரியில் உள்ளேயே தீப்பிடித்தது. ஜூனில் சரக்குக் கலம் மோதி ஸ்பெக்டர் பகுதியில் ஓட்டை விழுந்தது. குறுக்கே கிடந்த கேபிள்களை அகற்றி, கதவை அடைத்து, வீரர்கள் உயிர் தப்பினார்கள்.

இவ்வளவும் தாங்கியதை ஏன் வீழ்த்த வேண்டும்? பணம்தான் முதல் காரணம். 1998-ல் சர்வதேச விண்வெளி நிலையம் தொடங்கிய பிறகு இரண்டையும் பராமரிக்க ரஷ்யாவால் முடியவில்லை. 2000-ல் மிர்கார்ப் என்ற தனியார் நிறுவனம் பணம் கொடுத்து இரண்டு வீரர்கள் போய் வந்தார்கள். அதுவும் போதவில்லை. சும்மா விட்டுவிடவும் முடியாது. 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் தானாக விழுந்து, அதன் துண்டுகள் ஆஸ்திரேலியாவில் சிதறியதை உலகம் மறக்கவில்லை.

எனவே 2001 மார்ச் 23 அன்று, சரக்குக் கலத்தின் என்ஜினை மூன்று முறை இயக்கி, சுமார் 130 டன் எடையுள்ள மிர்ரைத் தென் பசிபிக் கடலில் இறக்கினார்கள். ஃபிஜித் தீவில் இருந்தவர்கள் எரியும் துண்டுகள் வானத்தைக் கடப்பதைப் பார்த்தார்கள்.

சர்வதேச நிலையத்துக்கும் இதே முடிவுதான் திட்டமிடப்பட்டுள்ளது. அதைக் கீழே இறக்கும் கலத்தைச் செய்யும் பொறுப்பை 2024-ல் ஸ்பேஸ்எக்ஸிடம் நாசா கொடுத்தது. பழைய வீட்டைப் பத்திரமாக இடிப்பதும் ஒரு பொறுப்புதானே!