வட்டத்தை மீறிய கடிகாரங்கள்

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், ஏரிகளுக்கும் வனங்களுக்கும் நடுவே ஒரு காகித ஆலையைச் சுற்றி வளர்ந்த சில்க்போர்க் நகரம், கடிகாரத் தொழிலால் பெயர் பெற்றதன்று. ஆயினும், விசித்திர வடிவம் கொண்ட கைக்கடிகாரங்களைப் பெருந்தனம் கொடுத்துச் சேகரிப்போரின் மோகத்துக்கு நியாயம் கற்பிக்க வேண்டுமானால், அந்நகரிலே வளர்ந்து, 1951-இல் க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு அங்குள்ள ஆரோக்கிய நிலையத்திலே படுத்துக் கிடந்த காலத்திலும் கலைத் தத்துவம் எழுதிய ஓவியர் அஸ்கர் யோர்னிடமிருந்துதான் நான் தொடங்குவேன்.

ஜெர்மனியின் உல்ம் நகரில் மாக்ஸ் பில் என்பார் ஒரு வடிவமைப்புக் கல்லூரியை நிறுவி, பொருளின் உருவம் அதன் பிரயோஜனத்துக்குக் கட்டுப்பட்டே அமைய வேண்டும் என்று போதிக்க முற்பட்டபோது, கற்பனைக்கு இடம் தராத அழகு அழகாகாது என்று அவரோடு வழக்காடி, 1953-இன் இறுதியில் எதிரணியாக ஓர் இயக்கத்தையே தொடங்கியவர் யோர்ன். அந்த பில், பிற்பாடு யுங்ஹான்ஸ் கம்பெனிக்காக வரைந்து 1961-இல் வெளிவந்த கைக்கடிகாரம், மாசற்ற ஒரு வட்டம். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. கதை சொல்லவும் அதிகமில்லை.

வட்டத்துக்குக் காரணம் உண்டு. முட்கள் சுழல்வதால் முகமும் வட்டமாயிற்று. கடைசல் இயந்திரத்தில் வட்டக் கூட்டைக் கடைவது எளிது. திருகி மூடும் பின்மூடி நீரையும் தூசியையும் தடுக்கும். மூலைகளும் வளைவுகளும் வந்துவிட்டாலோ கண்ணாடியைத் தனியே அறுத்துத் தேய்க்க வேண்டும். மூடியைப் பொருத்துவதும் சிரமம். நம் நாட்டில் போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் அடிக்கடி உடைந்ததை முன்னிட்டு, முகத்தைப் புரட்டி மறைத்துக்கொள்ளும்படி 1931-இல் பிறந்த நீள்சதுர ரெவெர்ஸோவுக்காவது அந்தச் சிரமத்துக்கு ஈடாக ஒரு பிரயோஜனம் இருந்தது.

பிரயோஜனத்தை அடியோடு பரிகசித்தது டென்மார்க்கின் வெள்ளிக் கடிகாரம். ஸ்வீடனில் பிறந்த விவியன்னா டோருன், நேரத்துக்கு அடிமைப்படுவதை வெறுத்தவர். 1962-இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றுக்காக அவர் செய்த கடிகாரம், இருபுறமும் சேராத திறந்த வளையல். முகத்தில் எண்கள் இல்லை, பார்ப்பவர் தம் முகத்தையே காணும் கண்ணாடிதான் உண்டு. கோபன்ஹேகனின் ஜார்ஜ் ஜென்சன் ஸ்தாபனம் 1967-இல் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

அதே 1967-இல் லண்டன் கார்ட்டியே கடையிலிருந்து வெளிவந்த ‘கிராஷ்’ இன்னும் ஒரு படி சென்றது. தீயில் உருகி நசுங்கியது போன்ற தங்கக் கூடு. அதன் போக்கிலேயே நெளிந்து நீண்ட ரோமன் எண்கள். மோட்டார் விபத்தில் சிக்கிய முட்டை வடிவக் கடிகாரமொன்றைக் கண்டு இது உதித்தது என்னும் கதையை இன்றும் சேகரிப்போர் ரஸித்துச் சொல்வதுண்டு. அக்கடைக்குத் தலைவராயிருந்த ஜான்-ஜாக் கார்ட்டியேயும் சித்திரக்காரர் ரூபர்ட் எமர்சனும் திட்டமிட்டுத் தீட்டிய சிருஷ்டியே அது என்பதுதான் அக்குடும்பத்துப் பேத்தி எழுதிய வரலாற்றிலிருந்து தெரியவருவது. கோணலான முகத்தில் முட்கள் சரியான நேரத்தைக் காட்டும்படி எண்களை நிறுத்துவதே பெரும்பாடாயிற்றாம். முதல் கடிகாரத்தை வாங்கிய நடிகர் ஸ்டூவர்ட் கிரேஞ்சர், சில நாளிலேயே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கூடு ஒவ்வொன்றும் கைவேலை. ஆகையால் அக்காலத்தில் உருவானவை சொற்பமே.

அபூர்வமே இதன் கவர்ச்சி என்று வியாபாரிகள் சொல்வார்கள். அது பாதி உண்மை. நேரம் பார்க்கக் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், சட்டைக் கையின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும் மெல்லிய கடிகாரம் தன் உருவத்தை அன்றி வேறெதைக் கொண்டு தன்னைச் சிபாரிசு செய்துகொள்ளும்? வட்டக் கடிகாரத்தில் கண் நேரத்தைத் தேடுகிறது. கிராஷிலோ கண் முதலில் கூட்டிலேயே தங்கிவிடுகிறது. அதற்கான விலையும் கொஞ்சமன்று: 1967-ஆம் வருஷத்து லண்டன் கிராஷ் ஒன்று 2022-இல் 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

1964-இல் தம்மைத் தேடி வந்த குகன்ஹைம் பரிசையே தந்தியில் வைது மறுத்த யோர்ன், இந்தத் தொகையைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பில்லோடு அவர் தொடுத்த வழக்கில், பணத்தை ஒதுக்கிவிட்டு உருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு, அந்தக் கோணல் கடிகாரம் யோர்ன் பக்கத்துச் சாட்சி என்பதே என் அபிப்பிராயம்.